கணித மேதை ராமானுஜனும் அவர் கைக்குக் கிடைத்த மூன்று புத்தகங்களும்



டிசம்பர் 22 வந்தாலே நம்ம சுவர்ப் பத்திரிகையில் யாராவது ஒருத்தர் கணித மேதை ராமானுஜனைப் பற்றி எழுதிவிடுவார்கள். டாக்சி எண் 1729 கதையும் தவறாமல் வரும். அது உங்க எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் இந்தத் தடவை அந்த டாக்சியை விட்டுவிட்டு வேறு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ராமானுஜன் கணக்கை எந்தப் புத்தகத்தில் படித்தார்? அந்தப் புத்தகங்கள் அவருக்கு என்ன நல்லது செய்தன, என்ன கெடுதல் செய்தன?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னு கேட்கிறீங்களா? நம்ம பள்ளியில் படித்துவிட்டுப் போன அண்ணன்கள், அக்காக்கள் பலர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். டிகிரி முடித்ததும் மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டி வருகிறது. டான்செட், கேட், வெளிநாட்டுக்குப் போக ஜி.ஆர்.இ. என்று பல தேர்வுகள். அதில் கேட்கிற கணக்கில் பெரும்பகுதி என்ன தெரியுமா? சதவீதம், விகிதம், சராசரி, எளிய இயற்கணிதம், முக்கோணம், வட்டம். நாம இப்போ படிக்கிறதுதான்! ஆனால் அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. மறுபடி முதலிலிருந்து படிக்கணும். கடையில் போய்ப் பார்த்தால் தலையணை சைஸில் பத்து கைடு. எதை வாங்குறது? நாளைக்கு நமக்கும் இதே நிலைமை வரலாம். இதற்கு ராமானுஜன் வாழ்க்கையில் ஒரு நல்ல பாடம் இருக்கு. கொஞ்சம் பொறுமையா நின்னு படிங்க.

நம்ம ஜில்லாவில் கொஞ்ச காலம்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். சொந்த ஊர் கும்பகோணம். அப்பா சீனிவாச ஐயங்கார் அங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சின்ன ஓட்டு வீடு.

குழந்தையாக இருந்தபோது கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தாவுக்கு அங்கே கோர்ட்டில் வேலை. அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. அதனால் அவரை நம்ம ஜில்லாக்காரர்னு கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்! தாத்தாவுக்கு வேலை போனதும் அம்மாவும் பிள்ளையும் கும்பகோணம் திரும்பினார்கள். நடுவில் கொஞ்ச நாள் சென்னைப் பள்ளி. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க, வீட்டார் ஒரு போலீஸ்காரரை வைத்து அனுப்பினார்களாம். மேதையும் நம்மைப் போலத்தான்!

1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

முதல் புத்தகம்: காரணம் சொன்ன புத்தகம்

வீட்டுச் செலவுக்காக அவர்கள் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். பதினொரு வயது ராமானுஜன் அவர்களைக் கேள்வி கேட்டே துளைத்து எடுத்துவிட்டார். அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோனது. பிறகு லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் புத்தகம் அவருக்கு இரவலாகக் கிடைத்தது. கல்லூரி மாணவர்களுக்கான புத்தகம் அது. பதிமூன்று வயதுக்குள் அதை முழுக்கப் போட்டு முடித்துவிட்டார்.

லோனியின் புத்தகம் நல்ல பாடப் புத்தகம். ஒரு தேற்றத்தைச் சொன்னால் அது ஏன் சரி என்று படிப்படியாகக் காட்டும். அப்புறம் பயிற்சிக் கணக்கு இருக்கும். நம்ம வாத்தியார் கரும்பலகையில் செய்வது போலத்தான்.

அந்த வயதில் சைன், கொசைன் பற்றி அவரே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சந்தோஷப்பட்டார். நூறு வருஷத்துக்கும் முன்பே ஆய்லர் என்ற மேதை அதைச் சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. வெட்கப்பட்டு அந்தத் தாள்களைக் கூரையில் ஒளித்து வைத்தாராம்.

இரண்டாம் புத்தகம்: விடை மட்டும் சொன்ன புத்தகம்

1903-ல் அவர் கைக்கு இன்னொரு புத்தகம் வந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நண்பர் எடுத்துவந்து கொடுத்தார். எழுதியவர் பெயர் ஜி. எஸ். கார் (ஓட்டுற கார் இல்லீங்க, ஆளோட பேரு!).

இந்தக் கார் யார் தெரியுமா? லண்டனில் டியூஷன் எடுத்தவர். கேம்பிரிட்ஜின் கடினமான கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர். அந்த டியூஷன் குறிப்புகளைத்தான் 1880-லும் 1886-லும் இரண்டு தொகுதியாக அச்சில் கொண்டுவந்தார். அதாவது இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு கைடு! சுமார் 5000 முடிவுகள் வரிசையாக எண் போட்டு அடுக்கியிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. சில இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், அவ்வளவுதான்.

லண்டன் மாணவர்களுக்கு அது போதும். அவர்கள் காரணத்தை வகுப்பில் கேட்டுவிட்டுத் தேர்வுக்கு முன்னால் நினைவுபடுத்திக்கொள்ள அதைப் புரட்டினார்கள். கும்பகோணத்தில் அந்தக் காரணங்களைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? ராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் தானே போட்டுப் பார்த்தார். புத்தகம் விட்ட இடைவெளியை எல்லாம் தானே நிரப்பினார். நிரப்பும்போதே புதுப்புது முடிவுகள் முளைத்தன. காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துப் போடுவார். கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டில் எழுதுவார்.

கவனிச்சீங்களா நண்பர்களே? கார் எப்படி விடையை மட்டும் அச்சிட்டாரோ, அதே மாதிரி ராமானுஜனும் விடையை மட்டும் எழுதிவைத்தார். படித்த புத்தகத்தின் பழக்கம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நோட்டுகளில் இருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளுக்குக் காரணம் தேடி எழுத அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து பெரிய தொகுதிகள் தேவைப்பட்டன. 1985-ல் முதல் தொகுதி வந்தது, 1998-ல்தான் கடைசித் தொகுதி வந்தது!

மேதை ஃபெயில் ஆன கதை

1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் இடம் கிடைத்தது. இன்றைய பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் சறுக்கல். எந்த நேரமும் கணக்குதான். ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை. உதவித்தொகை போய்விட்டது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடலியல் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண். 1906-ல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, 1907-ல் மறுபடியும் தோல்வி. பட்டம் வாங்கும் வழி அடைபட்டுவிட்டது.

இந்த இடத்தில் நாம ஒன்றை ஒப்புக்கொள்ளணும். கார் புத்தகம் ஒரு தேர்வுக்கான கைடுதான். ஆனால் அது கேம்பிரிட்ஜ் தேர்வுக்கான கைடு. ராமானுஜன் எழுதவேண்டிய தேர்வு வேறு. அதில் ஆங்கிலம், வரலாறு, உடலியல் எல்லாம் தேறினால்தான் பாஸ். உலகத்திலேயே நல்ல கணிதப் புத்தகத்தைப் படித்தாலும், எழுதப்போகிற தேர்வு என்ன கேட்கிறது என்று பார்க்காவிட்டால் மதிப்பெண் வராது. மேதைக்கே விதிவிலக்கு இல்லை.

அதற்குப் பிறகு பட்டினியோடு சில வருஷங்கள். எஃப்.ஏ. தேர்வுக்குப் படிக்கிற மாணவர்களுக்கே டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கப் பார்த்தார். தான் தேறாத தேர்வுக்கு! 1909-ல் ஜானகி அம்மாளோடு திருமணம் நடந்தது. வேலை தேடி நோட்டுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தார். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போனார். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்தில் கொடுத்தார். 1911-ல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

மூன்றாம் புத்தகம்: கடிதம் எழுத வைத்த புத்தகம்

அந்த நாட்களில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1910-ல் வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதில் பகா எண்கள் பற்றி ஒரு வரி இருந்தது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் இதுவரை இல்லை என்பது அதன் பொருள். என்னிடம் இருக்கிறதே என்று ராமானுஜன் நினைத்தார். 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கூடவே சுமார் 120 முடிவுகளை இணைத்தார். நிரூபணம் இல்லை, விடைகள் மட்டும்தான்!

ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். சில பழையவை, சில தவறு. ஆனால் பல முடிவுகள் அவர்களே இதுவரை கண்டிராதவை. எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று புரிந்தது. அதே 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் மறுபடியும் பாடம்

இப்போது ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இந்த மனிதருக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாத கணக்கு தெரிகிறது. ஆனால் கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த சில அடிப்படைகள் தெரியவில்லை. கலப்பு எண்களை வைத்துச் செய்யும் கணிதம் அவருக்கு ஏறக்குறைய புதுசு. நிரூபணம் என்றால் என்ன என்பதிலும் அவருக்குத் தெளிவு போதவில்லை.

பகா எண் விஷயத்தையே பாருங்கள். எந்தச் சூத்திரத்தை நம்பி அவர் கடிதம் எழுதினாரோ, அது தவறாகப் போய்விட்டது! சின்ன எண்களுக்கு நன்றாகவே வந்தது. பெரிய எண்களுக்குப் போகும்போது அவர் நினைத்ததைவிடப் பிழை அதிகம். கலப்பு எண் கணிதம் தெரிந்திருந்தால் எங்கே பிழை என்று பிடித்திருக்கலாம்.

சின்ன எண்ணுக்குச் சரியாக வந்தால் பெரிய எண்ணுக்கும் வராதா என்று கேட்கிறீர்களா? வாங்க, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏதாவது ஒரு எண்ணை எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். அதோடு அந்த எண்ணையும் கூட்டுங்கள். பிறகு 41-ஐக் கூட்டுங்கள். 1 எடுத்தால் 43 வரும். 2 எடுத்தால் 47 வரும். 3 எடுத்தால் 53 வரும். எல்லாமே பகா எண்! இப்படியே 39 வரைக்கும் போனாலும் பகா எண்தான் வரும். ஆகா, சூத்திரம் கிடைத்துவிட்டதுன்னு கை தட்டினால், 40-ல் மாட்டிக்கொள்வோம். 1600, 40, 41 கூட்டினால் 1681. அது 41 பெருக்கல் 41. பகா எண் இல்லை! முப்பத்தொன்பது தடவை சரியாக வந்தும் கவிழ்ந்துவிட்டது. அதனால்தான் ஏன் என்ற காரணம் வேண்டும் என்கிறார்கள்.

சரி, ஹார்டி என்ன செய்தார்? உட்கார வைத்து ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவில்லை. அப்படிச் செய்தால் ராமானுஜனின் தனி வழி கெட்டுப்போகும் என்று பயந்தார். அதே சமயம் தவறான நம்பிக்கையோடு விட்டுவிடவும் மனம் இல்லை. எது இல்லையோ அதை மட்டும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். லிட்டில்வுட்டும் சொல்லிக்கொடுத்தார். ராமானுஜன் சில வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். இருபத்தாறு வயதில், பேர் வாங்கிய பிறகும், மறுபடி மாணவனாக உட்கார அவர் கூச்சப்படவில்லை. ஆசிரியர்கள் சொல்வது போல, கற்றுக்கொள்ள வயசு ஏது?

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1914-ல் முறையான தகுதி இல்லாமலேயே அவரை ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1915-ல் ஒரு பெரிய கட்டுரை வந்தது. 12 என்ற எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுத்திகளில் தோற்கடிக்கிற எண்களைப் பற்றிய கட்டுரை அது. இந்தத் தடவை விடை மட்டும் இல்லை, காரணமும் சேர்த்து எழுதினார். அதற்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேர்வில் இரண்டு தடவை தோற்றவருக்கு!

1918-ல் ஹார்டியோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் பெரியது. 4-ஐ எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 200-ஐ எழுதினால்? 39,72,99,90,29,388 விதம்! கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. இதை ஒவ்வொன்றாக எண்ணாமல் கணக்கிட வழி சொன்னார்கள். ராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் நிரூபணமும் சேர்ந்தால்தான் இது முடிந்தது. தனியாக எவராலும் முடிந்திருக்காது. அதே 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே.

அணைந்த விளக்கு

முதல் உலகப் போர்க் காலம். சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், தனிமை. 1917-ல் இருந்தே உடம்பு சரியில்லை. 1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 தான். அந்தக் கடைசிக் காலத்துத் தாள்கள் பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் கிடைத்தன. அதிலும் விடைகள்தான் அதிகம்!

நமக்கு என்ன பாடம்?

நண்பர்களே, ராமானுஜன் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்ததைப் படித்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. நமக்கு நிறையப் புத்தகம் கிடைக்கிறது. அதனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது.

முதலில், எந்தத் தேர்வு, அதில் எது வரை கேட்பார்கள் என்று பழைய வினாத்தாளைப் பார்க்கணும். இதைப் பார்க்காமல் எந்தப் புத்தகமும் வாங்கக்கூடாது.

இரண்டாவது, மறந்துபோன கணக்கை மறுபடி படிக்கிறவர்கள் லோனி மாதிரி, காரணம் சொல்லும் புத்தகத்தில் தொடங்கணும். அது எங்கே கிடைக்கும்? நம்ம பையிலேயே இருக்கு! ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான அரசுப் பாடநூல்கள்தான். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். காலேஜ் முடித்தவர் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கப்பட வேண்டாம். கேம்பிரிட்ஜில் உட்கார்ந்தவரை நினைச்சுக்குங்க.

மூன்றாவது, குறுக்குவழி கைடு கடைசியில். அதில் இருக்கும் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் காரணத்தை நாமே போட்டுப் பார்க்கணும். உதாரணமாக, காஞ்சிப் பட்டுப் புடவை விலை 10,000 ரூபாய். கடைக்காரர் 20 சதவீதம் ஏற்றுகிறார். பிறகு ஆடித் தள்ளுபடி என்று 20 சதவீதம் குறைக்கிறார். பழைய விலைக்கே வந்துவிட்டதா? இல்லை! ஏற்றினால் 12,000. அதில் 20 சதவீதம் 2,400. அதைக் கழித்தால் 9,600. இரண்டாவது 20 சதவீதம் பெரிய தொகையில் எடுத்தது, அதனால்தான் 400 ரூபாய் குறைந்தது. 4 சதவீதம் குறையும் என்று கைடில் ஒரு வரி இருக்கும். காரணம் புரிந்தவர் 30 சதவீதம் என்று மாற்றிக் கேட்டாலும் போடுவார். வரியை மட்டும் படித்தவர் அங்கேயே நிற்பார்.

நான்காவது, நம்ம தப்பைக் காட்ட ஒரு ஆள் வேணும். அவருக்கு ஹார்டி. நமக்கு நம்ம கணித ஆசிரியர்கள். கேட்க வெட்கப்படாதீங்க!

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரி வரை

கடைசியாக நம்ம ஊர் பெருமை. கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், நம்ம செங்கல்பட்டில் செயின்ட் ஜோசப் பள்ளியில் படித்தவர். உலகப் புகழ் பெற்று, ராமானுஜனைப் போலவே ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனவர். 2020-ல் காலமானார். அவர் 1989-ல் தொடங்கிய கணித நிறுவனம் 2005 முதல் சிறுசேரியில் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்னைக்குப் போகும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம்தான். எம்.எஸ்சி. சேர நுழைவுத் தேர்வு உண்டு. பழைய வினாத்தாள்களை இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் பல கேள்விகளுக்கு விடை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தோடு நிரூபிக்கணும். ராமானுஜன் கடல் தாண்டிப் போய்க் கற்றுக்கொண்டது நமக்கு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கு!

இந்த வாரப் போட்டி

4-ஐக் கூட்டலாக எழுத 5 வழி என்று பார்த்தோம். 6-ஐ எழுத எத்தனை வழி? விடையைத் தாளில் எழுதி கணித மன்றப் பெட்டியில் போடவும். ஒரு நிபந்தனை: எண்ணிக்கையை மட்டும் எழுதிப் போட்டால் பரிசு கிடையாது. ஒரு வழியும் விட்டுப்போகவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதணும்!